மாமனார் வயலினும் மகள் படிப்பும்

மலேசியாவில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த மகள் வயலினைத் தொழிலாக்கிக்கொள்ள நினைக்கிறார். வீட்டில் உங்கள் மாமனார் வைத்துவிட்டுப் போன வயலினுக்குள் ‘ஸ்ட்ராடிவாரியஸ் 1721’ என்று சீட்டு இருக்கிறது. விற்றால் படிப்புச் செலவு தீருமா என்பது உங்கள் கேள்வி. அந்தச் சீட்டை மறந்துவிடுங்கள் அம்மா.

வயலின் செய்வதில் பேர்போன ஸ்ட்ராடிவாரி (லத்தீனில் ஸ்ட்ராடிவாரியஸ்) இத்தாலியின் கிரெமோனாவில் 1737-இல் இறந்தவர். அவர் பெயர் போட்ட சீட்டை ஒட்டி, ஜெர்மனியிலும் பிரான்சிலும் பட்டறைகள் பிற்காலத்தில் வயலின்களைச் செய்து குவித்தன. மேல்பலகையில் ‘f’ எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டில் ‘ஜெர்மனி’ என்றும் இருந்தால், அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்திய ஏற்றுமதிச் சரக்கு. அந்த ஆண்டில்தான் அமெரிக்கச் சுங்கம் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. அவர் 1721-இல் செய்த அசல் வயலினான ‘லேடி பிளன்ட்’ 2011-இல் ஏறத்தாழ 1.59 கோடி டாலருக்கு ஏலம் போனது. அப்படிப்பட்ட வயலின் யார் யார் கையில் இருந்தது என்பதற்குத் தனி வரலாறே உண்டு.

ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மகள் பழகுவதற்கு நன்றாகவே இருக்கலாம். ஏர்கோன் அறையிலிருந்து எடுத்து வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் விளிம்புப் பசை விட்டுவிடும். விரல் முட்டியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டொக்’ என்ற ஒலி ஓரிடத்தில் ‘சடசட’ என்றால் அங்கே விட்டிருக்கிறது. பயப்பட வேண்டாம். விலங்குத் தோலில் காய்ச்சிய அந்தப் பசை விட்டுக்கொடுப்பதால்தான் பலகை பிளக்காமல் தப்பிக்கிறது. சூப்பர் குளூ மட்டும் போடாதீர்கள், அடுத்த முறை பலகையே பிளக்கும். தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் கழற்றினால் தந்திகளைத் தாங்கும் குதிரை (பிரிட்ஜ்) விழும், உள்ளே நிற்கும் சிறு மரத்தூணான சவுண்ட் போஸ்ட்டும் சாயலாம்.

இனி படிப்பு. மகள் கற்றது கர்நாடக முறையா? தரையில் அமர்ந்து வயலின் தலையைக் காலில் ஊன்றுவதால் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு இடது கை விடுபடுகிறது. செர்டாங் யுபிஎம், தஞ்சோங் மாலிம் உப்சி போன்ற பல்கலைக்கழகங்களில் மேற்கத்திய வயலினுக்கான ஆடிஷன் என்றால், தாடையில் தாங்கி, எழுதிய இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்க வேண்டும். கையை அதற்குப் பழக்க நாளாகும், இப்போதே தொடங்கட்டும்.

கோலாலம்பூர் இரட்டைக் கோபுர அரங்கில் 1998 முதல் வாசிக்கும் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முழு இசைக்குழு என்றாலே வயலின் நாற்காலி முப்பது வாக்கில்தான், ஒருவர் விலகினால்தான் காலி. வீட்டுச் செலவை ஓட்டுவது பெரும்பாலும் வகுப்பு வருமானம். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குச் சென்னையிலிருந்து கலைஞர்களை வரவழைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. பக்கவாத்தியம் பழகினால் மகளுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

ஆறு மாதம், ஓராண்டுக்கொரு முறை வில்லுக்கு மயிர் மாற்றும் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர் மறப்பது அதைத்தான்.