மூணாவது ஆளுக்குப் போட்டால் வோட்டு வீணா? – கேள்வி பதில்

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் வேலைக்குப் பல தடவை போயிருக்கிறேன். பூத்தில் தலைமை அலுவலராக உட்கார்ந்ததும் உண்டு, வாக்கு எண்ணும் மேஜையில் உட்கார்ந்ததும் உண்டு. இழுபறித் தொகுதியில் யாருக்குப் போடுவது என்று ஒரு வாரமாகக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. எந்தக் கட்சிக்கு என்று சொல்ல மாட்டேன். முடிந்துபோன தேர்தல்களை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

காங்கயத்திலிருந்து ஒருவர்: ஏனுங்க ஐயா, எனக்குப் பிடிச்சவர் மூணாவதுதான் வருவார்னு ஊரே சொல்லுது. அவருக்குப் போட்டா வோட்டு வீணுங்களா?

நம் முறையில் ஜெயிப்பதற்குப் பாதி வோட்டு தேவையில்லை, அடுத்தவரைவிட ஒன்று கூட இருந்தால் போதும். கோவை தெற்கில் 2021-ல் பா.ஜ.க.வின் வானதி சீனிவாசன் 53,209, கமல்ஹாசன் 51,481, காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. வோட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆதரவோடு ஒருவர் சட்டமன்றத்துக்குப் போனார். இதில் தப்பு எதுவும் இல்லை, விதி அப்படி.

இந்த மாதிரி இடத்தில்தான் உங்கள் சங்கடம் வருகிறது. பிடித்தவர் மூன்றாவது, பரவாயில்லை என்பவர் இரண்டாவது, வரவே கூடாது என்பவர் முதலாவது. மனசுக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, பரவாயில்லை என்பவருக்குப் போட்டு, கூடாதவரைத் தடுப்பதைத்தான் தந்திர வாக்கு என்கிறார்கள். அது குற்றமும் இல்லை, துரோகமும் இல்லை.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. யார் முதல், யார் இரண்டு, யார் மூன்று என்ற வரிசை உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். "ஊரே சொல்லுது" என்கிறீர்களே, அந்த ஊர் உங்கள் வீதி, உங்கள் டீக்கடை, உங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். கடந்த தேர்தலின் படிவம் 20-ஐப் பாருங்கள். பூத் வாரியாக யாருக்கு எத்தனை விழுந்தது என்று அதில் இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதி வாரியாகக் கிடைக்கிறது. பழைய கணக்கு நாளைக்கு அப்படியே நடக்காது என்பது சரிதான். ஆனாலும் திண்ணைப் பேச்சைவிட அது மேல்.

வரிசை தெரியவில்லையா? பிடித்தவருக்கே போட்டுவிட்டு வாருங்கள்.

தாராபுரத்திலிருந்து: ஒரு வோட்டுல என்னங்க மாறிடப் போகுது?

பெரும்பாலும் ஒன்றும் மாறாது. இதை ஒளித்து வைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் கேட்ட ஊரைப் பாருங்கள்! தாராபுரத்தில் 2021-ல் பா.ஜ.க.வின் எல். முருகன் தோற்றது 1,393 வோட்டில். அதே தேர்தலில் அந்தியூரில் வித்தியாசம் 1,275, கிணத்துக்கடவில் 1,095. மொடக்குறிச்சியில் வெறும் 281.

அந்த 281-ஐ எடுத்துக்கொள்வோம். பா.ஜ.க.வின் சரஸ்வதி 78,125, தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 77,844. ஜெயித்தவருக்குப் போட்டவர்களில் 141 பேர் மனசு மாறி இரண்டாமவருக்குப் போட்டிருந்தால் முடிவே திரும்பியிருக்கும், ஏனென்றால் இங்கே ஒன்று குறையும்போது அங்கே ஒன்று கூடுகிறது. தொகுதியில் இருநூறுக்கு மேல் பூத். பூத்துக்கு ஒரு ஆள்கூடத் தேவைப்பட்டிருக்காது.

ஒரே வோட்டுதான் வேண்டும் என்றால் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இறங்குங்கள். சாமராஜநகர் பக்கம் சந்தேமரஹள்ளி தொகுதியில் 2004-ல் 40,752-க்கு 40,751.

பல்லடத்திலிருந்து: யாரையும் பிடிக்கவில்லை. நோட்டா?

போடலாம். 2013 முதல் இயந்திரத்தில் அந்தப் பொத்தான் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் அதனால் முடிவு மாறாது. நோட்டா முதலிடத்துக்கே வந்தாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர்.

திருப்பூரிலிருந்து: எனக்கு இங்கே வோட்டு, என் பங்காளிக்குக் கோவையில். என் கட்சி அங்கே பலம், அவன் கட்சி இங்கே பலம். ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா?

மாற்றிப் போட்டான் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? பூத்துக்குள் போனைக் கொண்டுபோய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், வாக்கு ரகசியம் என்பது சட்டம். பங்காளியை நம்புவதா வேண்டாமா என்பது என் பாடத்தில் வராது.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் இரண்டு பேரும் செய்ய நினைக்கும் இந்த மாற்று வேலையை நம் ஊரில் கட்சிகளே முன்கூட்டிச் செய்துவிடுகின்றன. கூட்டணி என்பது அதுதான். மொடக்குறிச்சியில் 2021-ல் இரட்டை இலைக்காரர் தேடினாலும் இலை இல்லை, தாமரைதான் இருந்தது. திருச்செங்கோட்டில் கொ.ம.தே.க. (கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி) ஈஸ்வரன் நின்றதும் ஜெயித்ததும் உதயசூரியனில். வாக்காளன் தந்திரம் பண்ண மிச்சம் விடுவதே கொஞ்சம்தான்.

கோவையிலிருந்து ஒருவர்: கோவை தெற்கைச் சொன்னீர்கள். அங்கே வோட்டைப் பிரித்தது கமலின் டார்ச் லைட். காங்கிரஸ் மட்டும் நின்றிருந்தால் பா.ஜ.க. ஜெயித்திருக்காது.

உடனே இன்னொரு கோவைக்காரர்: பிரித்தது கை. மூணாவது வந்தவர் ஒதுங்கியிருக்க வேண்டும். இரண்டாவது வந்தவரைப் பார்த்துப் பிரித்தார் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

கேட்டது இரண்டு பேர், நடுவில் புகுந்தது பதினோரு பேர். காலையிலிருந்து மற்ற கேள்விகளைப் பார்க்க முடியவில்லை. சரி, உட்காருங்கள்.

எண்ணிக்கை அன்று பல சுற்றுகளில் கமல் முன்னிலையில் இருந்தார், கடைசியில் 1,728-ல் போனது. அதனால்தான் இன்றைக்கும் ஆறவில்லை. ஆனால் நீங்கள் இரண்டு பேருமே ஒரே தப்பைச் செய்கிறீர்கள். 51,481-ஐயும் 42,383-ஐயும் கூட்டி, அது மொத்தமும் ஒரே பெட்டியில் விழுந்திருக்கும் என்கிறீர்கள். டார்ச் லைட்டுக்குப் போட்டவர்களில் காங்கிரஸ் பக்கமே திரும்பாதவர்கள் இல்லையா? கமல் நிற்காவிட்டால் தாமரைக்குப் போயிருப்பவர், வீட்டிலேயே இருந்திருப்பவர்? எத்தனை பேர் என்று படிவம் 20 சொல்லாது. எந்தப் படிவமும் சொல்லாது.

வோட்டு கூட்டல் கணக்கு இல்லை என்று வகுப்பில் சொல்வது போலத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சூலூரிலிருந்து மூன்றாமவர்: அப்படியானால் 2024? அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் பிரிந்ததால்தானே கோவை எம்.பி. தொகுதி தி.மு.க.வுக்குப் போனது? கூட்டிப் பாருங்களேன்.

இப்போதுதானே சொன்னேன்! சரி, கூட்டியே பார்ப்போம். 2024-ல் தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் 5,68,200, பா.ஜ.க.வின் அண்ணாமலை 4,50,132, அ.தி.மு.க.வின் சிங்கை ராமச்சந்திரன் 2,36,490. பின்னவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தால் 6,86,622. தாளில் ஜெயித்தாயிற்று.

இப்போது ஐந்து வருடம் பின்னால் போங்கள். 2019-ல் அதே கோவையில் இரண்டு கட்சியும் ஒரே கூட்டணி. அந்தக் கூட்டணிக்காக நின்ற பா.ஜ.க.வின் சி.பி. ராதாகிருஷ்ணன் வாங்கியது 3,92,007. சி.பி.எம். நடராஜன் 5,71,150 வாங்கி 1,79,143 வித்தியாசத்தில் ஜெயித்தார். சேர்ந்து நின்றபோது 3,92,007, தனித்து நின்றபோது தாமரைக்கு மட்டும் 4,50,132. உங்கள் கூட்டலை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவீர்கள்?

அதற்காகச் சேர்ந்தால் பலனே இல்லை என்றும் சொல்லவில்லை. 2021-ல் அதே கூட்டணி கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியையும் எடுத்தது. வேட்பாளர் யார், எதிரில் யார், அது டெல்லித் தேர்தலா கோட்டைத் தேர்தலா என்று பார்த்துத்தான் ஜனங்கள் போடுகிறார்கள். ஒரு கட்சியின் வோட்டு, மூட்டை கட்டி லாரியில் ஏற்றி இன்னொரு கட்சிக் கிடங்கில் இறக்கும் மஞ்சள் இல்லை.

கோவைக்காரர்கள் இதற்கு மேல் இதில் எழுதினால் பதில் வராது.

கோபியிலிருந்து: நோட்டா போட்டால் மறுதேர்தல் வருமா?

பல்லடத்துக்காரருக்குச் சொன்ன பதில் மேலே இருக்கிறது.

சென்னிமலையிலிருந்து ஒரு அம்மணி: காசு வாங்கியாச்சுங்க, சூடம் அணைச்சுச் சத்தியமும் பண்ணியாச்சு. மாத்திப் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சுருமா? சாமிக் குத்தம் வேற.

கொடுப்பது மட்டுமில்லை, வாங்குவதும் குற்றம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாமி கணக்கு எனக்குத் தெரியாது, மனுசன் கணக்கைச் சொல்கிறேன். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் உங்கள் பூத்து மொத்தமாக எப்படிப் போட்டது என்பது தெரியும்.

எண்ணும் இடத்தில் என்ன நடக்கிறது என்றால், மேஜைகளுக்கும் கட்சி ஏஜெண்டுகளுக்கும் நடுவே கம்பி வலை. ஒவ்வொரு பூத்திலும் வோட்டுக் கணக்கு பதிவாகியிருக்கும் கண்ட்ரோல் யூனிட்டையும் தூக்கி வலைக்குப் பக்கத்தில் காட்டுவோம். வலைக்கு அந்தப் பக்கம் தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு, முதுகு வேர்க்க வேர்க்க ஒவ்வொரு எண்ணையும் குறித்துக்கொள்வார்கள். அன்று மாலைக்குள் எந்த வீதி கைவிட்டது என்று அவர்களிடம் தாள் இருக்கும். பல பூத்துகளைக் கலந்து எண்ணுவதற்கு டோட்டலைசர் என்று ஒரு கருவியைத் தேர்தல் ஆணையமே முன்மொழிந்தது. நடைமுறைக்கு வரவில்லை. அதனால் வீதிக்கு ரகசியம் இல்லை, உங்களுக்கு உண்டு. பயப்படாமல் போடுங்கள்.

பெருந்துறையிலிருந்து: பட்டியலில் என் பெயர் இல்லை.

இதை என்னிடம் கேட்டுப் பயனில்லை. 1950-க்குப் போன் போடுங்கள், உங்கள் பூத் நிலை அலுவலரைப் பாருங்கள், படிவம் 6 கொடுங்கள். தேர்தல் அன்று காலையில் வந்து கேட்காதீர்கள். பூத்தில் உட்கார்ந்து நான் பட்டது போதும்.

ஈரோட்டிலிருந்து: எங்கள் கட்சி நிற்கவே இல்லை என்றால் தந்திரம் எங்கே பண்ணுவது?

நல்ல கேள்வி. ஈரோடு கிழக்குக்காரர்கள் பாவம், 2021, 2023, 2025 என்று நாலு வருடத்துக்குள் சட்டமன்றத்துக்கு மட்டும் மூன்று தடவை மை வைத்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரி இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் புறக்கணித்தன. தி.மு.க.வின் சந்திரகுமார் 1,15,709, நாம் தமிழர் சீதாலட்சுமி 24,151, மூன்றாவது இடத்தில் நோட்டா. இரண்டாவது வந்தவருக்கே டெபாசிட் போயிற்று, செல்லுபடியான வோட்டில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே முடிவு முன்னாலேயே தெரிந்தது, தந்திரத்துக்கு வேலை இல்லை. மனசில் இருப்பதைக் காட்ட மட்டும்தான் வோட்டு. இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி மிக அதிகமாக இருக்கும் தொகுதி எதற்கும் இதுவே பதில்.

அவிநாசியிலிருந்து: ஒரு சர்வே வந்திருக்கிறது, அனுப்பட்டுமா?

வேண்டாம். யார் எடுத்தது, எத்தனை பேரைக் கேட்டார்கள், எந்தத் தேதியில் என்று மூன்றும் இல்லாத சர்வே, கட்சிக்காரர் தன் ஆளை இரண்டாவது இடத்தில் காட்டி உங்கள் தந்திர வாக்கைப் பிடிக்கப் போட்ட தூண்டில். படிவம் 20. படிவம் 20. படிவம் 20.

பவானியிலிருந்து: நோட்டா…

மேலே பாருங்கள்.

மொடக்குறிச்சியிலிருந்து: ஐயா, எங்க ஊர் 281-ஐச் சொன்னீங்க, ஆயிரத்துச் சொச்சம் பேர் நின்னதைச் சொல்லாம விட்டுட்டீங்களே?

இதற்காகத்தான் காத்திருந்தேன். 1996-ல் மொடக்குறிச்சியில் வேட்பாளர்கள் 1,033 பேர். விவசாயிகள் தங்கள் குறையைக் கவனிக்க வைக்க, ஜெயிக்கும் எண்ணமே இல்லாமல் வரிசையாக மனுப் போட்டார்கள். வாக்குச் சீட்டு ஒரு தாளில் அடங்காமல் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று, தேர்தலைத் தள்ளியும் வைத்தார்கள். இத்தனை பேர் நின்றும் வோட்டு சிதறவில்லை. அந்தப் புத்தகத்தைப் புரட்டி, தெரிந்த சின்னத்தைத் தேடிப் பிடித்துத்தான் ஜனங்கள் முத்திரை குத்தினார்கள். நிற்பதை ஆயுதமாக்கிய அதே ஊர், போடும்போது கணக்காகப் போட்டது. ஜெயித்தவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். 2021-ல் 281-ல் தோற்றாரே, அவரேதான்.

அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். அந்த வருடமே 5,000 ஆக்கினார்கள், சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் விதி வந்தது. இப்போது 10,000.