மூன்று பசுக்களும் ஓர் ஏல அறிவிப்பும்

சென்ற இதழில், குழந்தைகளுக்கான கார்ட்டூன் படங்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது, டிஸ்னி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ‘ஹோம் ஆன் தி ரேஞ்ச்’ என்ற படத்தைப் போகிற போக்கில் பாராட்டியிருந்தேன். பேசும் பசுக்களின் கதை அது. அந்த ஒற்றை வரிக்காக வந்த கடிதங்களில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான்குமே எங்கள் இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவை.

கேள்வி: கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்கள் குறிப்பிட்ட படத்தைப் பார்த்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்; எனக்கும் பிடித்துப்போயிற்று. பிறகு விசாரித்தால், அது தோல்விப் படம், டிஸ்னியின் மட்டமான படங்களில் ஒன்று என்கிறார்கள். எனக்குத்தான் ரசனை போதவில்லையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டி)

பதில்: ஐயா, உங்கள் ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. தோல்வி என்ற சொல் முதலில் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. பதினொரு கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்கத் திரையரங்குகளில் ஏறத்தாழ ஐந்து கோடி டாலர்தான் ஈட்டியது. பணம் போட்டவருக்கு அது தோல்விதான். ஆனால் வசூலுக்குச் சூட்டிய பெயரையே பிறகு கதைக்கும் சூட்டிவிட்டார்கள். அங்கேதான் எனக்கு மறுப்பு.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பெர்ல் என்ற மூதாட்டி தனியொருத்தியாக ஒரு சிறு பண்ணையை நடத்திவருகிறாள். 750 டாலர் கடனை உடனே கட்டாவிட்டால் பண்ணை ஏலத்துக்கு வந்துவிடும் என்று ஊர்க் காவல் அதிகாரி சீட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறார். மாடு திருடும் ஸ்லிம் என்பவனைப் பிடித்துக் கொடுப்பவருக்கு அறிவித்திருக்கும் பரிசும் அதே 750 டாலர் என்பதால், மூன்று பசுக்கள் அவனைத் தேடிப் புறப்படுகின்றன. திருடிய மாடுகளை விற்கும் ஸ்லிம், அந்தப் பணத்தைக் கொண்டே, மாடு போனதால் நொடித்துப்போனவர்களின் நிலத்தைக் கனவான் வேடத்தில் ஏலத்தில் எடுக்கிறான் என்பதுதான் உள்ளே இருக்கும் முடிச்சு.

அந்த முடிச்சை மறுபடியும் படித்துப் பாருங்கள். ஒருவனை முதலில் நொடிக்கச் செய்து, பிறகு அவனுடைய நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குவது எப்படி என்று குழந்தைகளுக்கான ஒரு படம் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சூனியக்காரியையும் பொல்லாத அரசனையும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, கையில் காகிதத்தோடு வாசலில் வந்து நிற்கும் ஆபத்தை இந்தப் படம் காட்டுகிறது. வானம் பார்த்த பூமியில் ஒரு போகம் மட்டும் விளைவித்து, வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அதையும் இழந்து நிற்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காகிதம் இன்னதென்று விளக்க வேண்டியதே இல்லை. தேவிபட்டினத்துக்கு மேற்கே இருந்த எங்கள் வீட்டுக்கு, நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி ஏலத்துக்கு வருவதாக ஒரு தபால் அட்டை வந்தது. அடகு பிடித்தவரின் பெயர் இங்கே வேண்டாம். சங்கிலியை மீட்பதற்காகக் கன்றோடு பசுவைச் சந்தைக்கு ஓட்டிப்போனார் அப்பா. சங்கிலி வந்துவிட்டது; ஆனால் அம்மா அதை வெகுநாள் கழுத்தில் போடவில்லை.

அதனால்தான் படத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு உரையாடல் எனக்குப் பெரிதாகப்படுகிறது. பிராணிகளில் சிலவற்றை விற்றுக் கடனை அடைக்கலாமே என்று அதிகாரி யோசனை சொல்லும்போது, அவை தன் குடும்பம் என்று சொல்லி பெர்ல் மறுத்துவிடுகிறாள். ஆடும் மாடும்தான் நமக்கு அவசர வங்கி. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் என்றால் முதலில் அவிழ்வது தொழுவத்துக் கயிறு. பெர்லின் பதிலைச் சொல்ல ஆசைப்பட்டும் சொல்ல முடியாமல் நின்ற பெண்களை நான் அறிவேன், அவர்களில் ஒருத்தி என் தாய்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மேகி என்ற பசு வாயாடி. ரோசேன் பார் என்ற நகைச்சுவை நடிகை அதற்குக் குரல் கொடுக்க, முதல் அரை மணி நேரத்தில் அவளுடைய வேடிக்கைப் பேச்சு மற்ற பாத்திரங்களை மூச்சுவிட விடுவதில்லை. கராத்தே போடும் குதிரையின் பகுதிகளை வெட்டியிருந்தால் படம் இன்னும் அழகாகியிருக்கும். கடனும் பரிசும் ஒரே தொகையாக அமைந்திருப்பது சோம்பல். நம் ஊரில் 750 வாங்கியவர் 750 கட்டித் தப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வட்டி என்ற ஒன்றைத் திரைக்கதையாசிரியர்கள் மறந்தே போனார்கள்.

கேள்வி: கையால் வரையும் கார்ட்டூன் கலையே இந்தப் படத்தோடு முடிந்துவிட்டது என்று எங்கள் ஓவிய ஆசிரியர் சொல்கிறார். ஒரு படத்தின் தோல்வியால் ஒரு கலை அழியுமா?
(கல்லூரி மாணவி, மண்டபம்)

பதில்: காலவரிசையைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும், அம்மா. இந்தப் படம் 2004 ஏப்ரலில் திரைக்கு வருவதற்கு முன்பே, இனிக் கணினிப் படங்கள்தான் என்று டிஸ்னி முடிவெடுத்துவிட்டது; கையால் வரைந்தவர்களில் பலர் அதற்குள் வேலையை இழந்திருந்தார்கள். 2005-இல் வந்த ‘சிக்கன் லிட்டில்’ முழுக்கக் கணினியில் உருவானது. ஆகவே இந்தப் படம் கலையைக் கொல்லவில்லை. கொல்வதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்த வீட்டில் கடைசியாகப் பிறந்த பிள்ளை இது. பழி மட்டும் அதன் தலையில் விழுந்தது. 2009-இல் அதே நிறுவனம் ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்’ படத்துக்காக மறுபடியும் பென்சிலைக் கையில் எடுத்தது என்பதையும் உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

ஓவியம் படிப்பவர் என்பதால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பசுக்களின் உடலைச் சதுரமும் முக்கோணமுமாகப் பிரித்து, கொம்பையும் தாடையையும் கூர்முனைகளாக நிறுத்தியிருக்கிறார்கள். பின்னணியில் செம்பாறைகள் நிழலே இல்லாத தட்டையான வண்ணப் பட்டைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மெய்போலத் தோன்ற வேண்டும் என்ற கவலையே இல்லாத கோடுகள் அவை.

கேள்வி: பாட்டுப் பாடி மாட்டைத் திருடுகிறவன் எப்படித் திருடனாவான், அவன் பாடகன்தானே என்று என் ஏழு வயது மகன் கேட்கிறான். கிடை போட வரும் கீதாரிகளும் குரல் கொடுத்துத்தானே ஆட்டைத் திருப்புகிறார்கள்?
(வாசகி, தேவிபட்டினம்)

பதில்: உங்கள் மகன் கேட்டதை அந்தக் காலத்து விமர்சகர்களும் கேட்டிருந்தால் படத்துக்கு இந்தக் கதி வந்திருக்காது. ஸ்லிம் பாடுவது யோடல் என்ற பாட்டுமுறை. அடிக்குரலிலிருந்து கீச்சுக்குரலுக்கும் அங்கிருந்து அடிக்குரலுக்கும் சட்டென்று தாவித் தாவிப் பாடுவது அது. ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் மாடு மேய்ப்பவர்கள் மந்தையை அழைக்கவும் எதிர்மலையில் இருப்பவருக்குச் சேதி சொல்லவும் அதைக் கையாண்டார்கள். மந்தையைக் காத்த குரல் ஒரு திருடனின் தொண்டைக்குப் போனால் என்னவாகும் என்பதுதான் படத்தின் கற்பனை. அவன் பாடத் தொடங்கியதும் மாடுகள் பச்சையும் சிவப்பும் ஊதாவுமாக நிறம் மாறி, கண் சொருக, வரிசை கட்டி ஆடிக்கொண்டே அவன் பின்னால் போகின்றன. படத்திலேயே மிகத் துணிச்சலான காட்சி அதுதான்.

கீதாரிகளை நினைத்துக்கொண்டீர்களே, அந்த ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் மாவட்டத்திலிருந்து செம்மறிகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட்டபடியே தஞ்சைப் பக்கம் வரை போகிறவர்கள் அவர்கள். நாக்கை மடித்து அவர்கள் எழுப்பும் ஓர் ஒலிக்கு முன்னால் போகும் ஆடு நிற்கும்; வேறோர் ஒலிக்கு நூறு ஆடுகள் ஒன்றாகத் திரும்பும். இரண்டு மந்தைகள் ஒரே கண்மாயில் தண்ணீருக்கு இறங்கிக் கலந்துவிட்டாலும், தம் கீதாரியின் குரலைக் கேட்டு ஆடுகள் தாமாகப் பிரிந்து வருவதை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஆடுகள் தெரிந்த குரலுக்குத் திரும்புகின்றன. ஸ்லிமின் பின்னால் போகும் மாடுகளோ அவனை யாரென்றே அறியாதவை. மகனுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அவன் பாடகன்தான் என்பதையும் மறுக்க வேண்டாம். தன் யோடலை மதிக்காத பழைய முதலாளிகளைப் பழிவாங்கவே அவர்களுடைய மாடுகளைக் கவர்வதாக ஸ்லிமே படத்தில் சொல்கிறான். கிரேஸ் என்ற பசு மட்டும் மயங்காமல் நிற்பதற்குக் காரணம் அறிவோ வீரமோ அல்ல, அவளுக்குச் சுருதி பேதம் தெரியாது. பாட்டு வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட ஆறுதலான ஒரு பாத்திரத்தை யாரும் படைத்ததில்லை.

இசையைப் பற்றிப் பேசும்போது ஒரு மழைக் காட்சியையும் சொல்ல வேண்டும். திருடனின் தடத்தை வெள்ளம் அழித்துவிட, பசுக்கள் தங்களுக்குள் சண்டையிட்டுப் பிரிய, பண்ணையில் பெர்ல் தனியாக இருக்க, ‘இனி வெயில் அடிக்குமா’ என்ற பொருளில் ஒரு பாட்டு வருகிறது. பாடியவர் போனி ரெய்ட், இசை ஆலன் மென்கன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் துயரத்தில் பிறந்த பாட்டு அது. மழையைத் துயரமாகக் காட்டும் காட்சி, கண்மாய் நிறையாதா என்று ஐப்பசி முழுதும் வானத்தைப் பார்த்திருக்கும் நமக்கு எளிதில் ஒட்டாது. முதல் முறை எனக்கும் ஒட்டவில்லை. மழை பெய்தும் தேறாத ஆண்டுகளை நினைத்துக்கொண்டு இரண்டாம் முறை பார்த்தபோது, பாட்டு முடிந்த பிறகும் சற்று நேரம் படத்தை நிறுத்திவைத்திருந்தேன்.

கேள்வி: நான்கு வயதுக் குழந்தைக்குக் காட்டலாமா?
(வாசகி, கீழக்கரை)

பதில்: காட்டலாம். 76 நிமிடம்தான் ஓடும். ரத்தம் இல்லை, பேய் இல்லை. மாடுகள் நிறம் மாறும் இடத்தில் மட்டும் சில குழந்தைகள் மிரளக்கூடும், அப்போது பக்கத்தில் இருங்கள். ஏப்பம் விடும் வேடிக்கையைக் குழந்தை இரண்டு நாள் செய்துகாட்டும், விருந்தாளி வரும் வாரமாக இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.