குல்தாரா: ஒரே இரவில் காலியான ஊரா?

வணக்கம். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் உள்ள குல்தாராவில் வழிகாட்டி சொன்ன "திவான் சலீம் சிங்குக்குப் பயந்து ஒரே இரவில் ஊரே காலி, சாபம்" கதையைப் பயணக் கட்டுரையில் அப்படியே எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். கதை என்று சொல்லி எழுதுங்கள்; வரலாறு என்று வேண்டாம். 1815 வாக்கில் சுமார் 800 பேர் இருந்த ஊரில் 1890-இல் 37 பேர் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. ஒரே இரவில் காலியான ஊருக்கு இது பொருந்தவில்லையே! கிணறுகள் வற்றியதும் வரிச்சுமையும்தான் எனக்கு நம்பும்படியான காரணங்கள்.

சாபக் கதையை விட்டுவிட்டு அந்த ஊர்க்காரர்களின் விவசாயத்தை எழுதுங்களேன். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய அந்த மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவுதான். ராஜஸ்தானின் பாலி நகர்ப் பக்கமிருந்து வந்து குல்தாராவில் குடியேறிய பாலிவால் பிராமணர்கள் அங்கே கோதுமை விளைவித்தார்கள். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்வான இடத்தில் நீண்ட மண்கரை போட்டு மறிப்பார்கள். 'கடீன்' என்று பெயர். நம் ஏரி மாதிரி மடை திறந்து வயலுக்கு விடுவதில்லை. நீர் நின்ற இடமேதான் வயல். மழைக்காலம் முடிந்து தண்ணீர் மண்ணில் இறங்கியதும் அந்த ஈரத்திலேயே கோதுமை, கொண்டைக்கடலை விதைப்பு. ஜெய்சல்மேர் பக்கம் இன்றும் கடீன்களில் பயிர் செய்கிறார்கள். அடுத்த முறை போனால் அதையும் பாருங்கள்.