விட்ட இடம் எது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். வளைகுடாவில் கணிப்பொறி அறையில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், கரண்ட் போனதும் ‘இயந்திரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டது’ என்றும், அதை மறுபடி எழுப்ப ஒரு முழு இரவு ஆயிற்று என்றும் சொல்லியிருந்தீர்கள். இரண்டிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. என் சித்தப்பா ரயில்வேயில் ஐபிஎம் 1401 இயந்திரத்தில் வேலை பார்த்தவர். கரண்ட் போனாலும் அதன் நினைவகத்தில் இருந்தது அப்படியே இருக்கும் என்று அவர் அடித்துச் சொல்கிறார்.

அடுத்தது அந்த ஒரு இரவு. சென்ற வாடைக் காலத்தில் பாம்பனில் கூண்டு ஏற்றிய அன்று போன கரண்ட், மறுநாள் மாலைதான் வந்தது. வந்த அரை மணி நேரத்தில் என் கம்ப்ரசர்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பெரிய கணிப்பொறி என்றால் மட்டும் ஏன் விடிய விடிய? ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கம்பெனியில் பில் போடும் கணினியில் கடைசி பில்களில் சில இருந்தன, சில இல்லை. ஒரு படகுக்காரர் கணக்கில் ஒரே பற்று இரண்டு முறை ஏறியிருந்தது. இதற்கும் உங்கள் இரவுக்கும் தொடர்பு உண்டா?

ந., மண்டபம்

*

அன்புள்ள ந. அவர்களுக்கு,

உங்கள் சித்தப்பா சொல்வது சரி. நான் பொத்தாம்பொதுவாக எழுதியது தவறு. 1959இல் அறிவிக்கப்பட்ட 1401இன் நினைவகம், கம்பிகளில் கோக்கப்பட்ட சிறு காந்த வளையங்களால் ஆனது. ஒரு வளையம் எந்தப் பக்கமாகக் காந்தமேற்றப்பட்டிருக்கிறது என்பதே அதில் உள்ள தகவல், 0 அல்லது 1. காந்தத்தைக் காந்தமாக வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. பின்னால் வந்த ஐபிஎம் 370 கணிப்பொறி வரிசையிலும் இந்த வளையங்கள் உடனே மறையவில்லை. 1973இல் சென்னை ஐஐடிக்கு வந்த 370/155கூட வளைய நினைவகம் கொண்டதுதான். அதே வரிசையின் 145இலும் 158இலும் சிலிக்கான் சில்லுகள் வந்துவிட்டன. நான் வேலை பார்த்தது அவற்றுக்குப் பின்வந்த 4341இல். அதில் கரண்ட் போன நொடியே நினைவகம் வெறுமையாகிவிடும். ஆகவே என் இயந்திரம் மறந்தது உண்மை, எல்லா இயந்திரமும் மறக்கும் என்று தொனிக்க எழுதியது பிழை.

ஆனால் சித்தப்பாவிடம் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். நினைவகம் அப்படியே இருந்ததே, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்களா? பெரும்பாலும் நிரல் துளையிடப்பட்ட அட்டைக்கட்டை எடுத்து, முதல் அட்டையிலிருந்து மறுபடி வைத்து, லோடு பொத்தானை அழுத்தியிருப்பார்கள். ஏனென்றால், நினைவகம் தன் பங்கைச் சரியாக வைத்திருந்தாலும், பாதி உள்ளே போன அட்டை, ஒரு பதிவின் நடுவில் நின்றுவிட்ட டேப், பாதி வரி அச்சான தாள் ஆகியவை அந்த நினைவோடு ஒத்துப்போகின்றனவா என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல வேளையாக, அன்று ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடியது. முதலிலிருந்து ஓட்டினால் நேரம்தான் நஷ்டம். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே கோப்புகளைத் திருத்தத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் வந்தது.

இனி அந்த இரவு. கோடைக்காலம், வெளியே பெருஞ்சூடு. ஊர் முழுவதும் மின்சாரம் போய், பேட்டரியில் கால் மணி நேரம் ஓடி, ஜெனரேட்டர் சுமையை ஏற்காமல் திணறி நின்றதும், அறையில் ஒரு நிசப்தம் விழுந்தது. கணிப்பொறி அறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நிசப்தம் வயிற்றைக் கலக்கும். பகலும் இரவும் விசிறிகள் இரையும் இடம் அது. எங்கள் ஷிப்ட் தலைவர் தேவிபட்டினத்துக்காரர். டார்ச் வெளிச்சத்தில் அவர் முதலில் செய்த காரியம், ஒவ்வொரு பெட்டியின் ஸ்விட்சையும் கையால் அணைத்துக்கொண்டே போனது. போன கரண்டுக்கு எதற்கு ஸ்விட்சை அணைப்பது என்று நான் கேட்டேன். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லா மோட்டாரும் ஆன் நிலையில் இருக்கக் கரண்ட் திரும்பி வந்தால், கிளம்பும்போது ஓட்டத்தைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை ஒவ்வொன்றும் ஒரே நொடியில் இழுக்கும் என்பதால்தானே நீங்கள் கம்ப்ரசருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறீர்கள்? எங்களிடம் 3350 வகை டிஸ்க்குகள் பதினாறு இருந்தன. ஒன்று 317.5 மெகாபைட், பதினாறும் சேர்ந்து இன்றைய பென்டிரைவ் ஒன்றின் மூலைக்குக் காணாது. ஆனால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுழலவேண்டிய கனமான தட்டுகளின் அடுக்கு.

இரவு 9 மணிக்கு மின்சாரம் வந்தது. மின்னழுத்தம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் குளிரூட்டியைத்தான் போட்டோம். கண்டென்சருக்குத் தண்ணீர் ஓடாமல் நீங்கள் அம்மோனியா கம்ப்ரசரை ஓட்டமாட்டீர்கள் அல்லவா, அதே நியாயம். அறை ஆறிய பிறகு டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினோம். இந்த வகையில் தட்டு நிற்கும்போது படித்து எழுதும் தலை தட்டின் மேலேயே இறங்கி அமர்ந்துவிடும். சுழலும்போது காற்றின் மெல்லிய படலத்தில் மிதக்கும். வருடக்கணக்காக நிற்காமல் சுழன்றது ஒருமுறை நின்றால் மீண்டும் சுழல மறுப்பது உண்டு. பதினாறில் ஒன்று மறுத்தது, அதை ஒதுக்கிவைத்தோம். அதில் தற்காலிகக் கோப்புகள் மட்டும் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அதன்பின் செயலிக்கே அதன் அடிப்படைக் கட்டளைகளை ஃபிளாப்பியிலிருந்து ஊட்டவேண்டும். (ஃபிளாப்பி என்ற பொருளே 1971இல் இந்த ஒரு வேலைக்காகத்தான் ஐபிஎம்மிலிருந்து வந்தது, எட்டு அங்குல அகலம்.) பிறகு ஐபிஎல், அதாவது இயக்க அமைப்பை நினைவகத்தில் முதலில் ஏற்றும் வேலை. ஆபரேட்டர்கள் ‘ஐபிஎல் அடிக்கிறது’ என்பார்கள். எந்த டிஸ்க்கில் இயக்க அமைப்பு இருக்கிறதோ அதன் முகவரியைக் கொடுத்து லோடு என்றால், இயந்திரம் அந்த டிஸ்க்கிலிருந்து 24 பைட்டுகளை மட்டும் படித்து நினைவகத்தின் தொடக்கத்தில் வைக்கும். அவற்றில் 16 பைட்டுகள் அடுத்து எதைப் படிக்கவேண்டும் என்ற கட்டளைகள். அவை படித்து முடித்ததும், மீதி 8 பைட்டுகள் எந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்கவேண்டும் என்று சொல்லும். வெறும் 24 பைட்டுகளைப் பிடித்துக்கொண்டு முழு அமைப்பும் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்கிறது. 1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட 360 வரிசையில் வந்த ஏற்பாடு இது. எத்தனையோ முறை பார்த்த பின்னும் எனக்கு இதில் வியப்பு குறையவில்லை.

எழுந்ததும் அது கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று நேரம். தேதியை மாதம், நாள் என்று கொடுக்கமுடியாது. ஆண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் கொடுக்கவேண்டும். இதற்காகவே சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். தூக்கக் கலக்கத்தில் ஒரு நாள் பின்னால் கொடுத்துவிட்டால், கரண்ட் போகும் முன் இன்று பதிந்தவை நாளையவை ஆகிவிடும். பின்னால் எது முன், எது பின் என்று பிரிக்கவே முடியாது.

மணி 11 ஆனபோது இயந்திரம் தயார். ஆக, எழுப்ப ஆன நேரம் இரண்டு மணி நேரம்தான். முழு இரவு என்று நான் எழுதியது இந்த வகையிலும் தெளிவற்றது. அலுவலகத்தாரிடம் ‘வேலையைத் தொடங்கலாம்’ என்று நாங்கள் சொன்னது மறுநாள் காலை 5 மணிக்கு. நடுவில் போன ஆறு மணி நேரம்தான் உங்கள் கேள்விக்கான பதில்.

வேலைகளை வரிசைப்படுத்தும் நிரலைக் கிளப்ப இரண்டு வழிகள் உண்டு. வார்ம் ஸ்டார்ட் என்றால், டிஸ்க்கில் எஞ்சியிருக்கும் பழைய வரிசையைப் படித்து, எந்த வேலை எந்த நிலையில் நின்றது என்று பார்த்துத் தொடரும். கோல்ட் ஸ்டார்ட் என்றால், வரிசையையே துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். நான் இளைஞன், அவசரம். துடைத்துவிட்டால் சுத்தமாக இருக்கும் என்றேன். தலைவர் என் கையை நகர்த்தினார். “தம்பி, முதலில் வார்ம் குடு. முடியாதுன்னு மிஷின் சொல்லட்டும், நீ சொல்லாதே” என்றார். ஆனால் அவரே, வரிசை திரும்பி வந்ததும் ஒரு வேலையைக்கூட ஓடவிடாமல் நிறுத்திவைத்தார். அந்த நிதானத்தைத்தான் நான் அவரிடம் கற்றுக்கொண்டேன்.

காரணம் இது. உங்கள் கம்பெனியில் சிட்டையும் பேரேடும் வைத்திருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஐஸ் பார் வெளியே போகும் முன் கணக்குப்பிள்ளை சிட்டையில் ஒரு வரி எழுதுவார். பிறகுதான் அது பேரேட்டில் படகுக்காரர் பெயரில் ஏறும். பேரேட்டில் பாதி எழுதும்போது விளக்கு அணைந்தாலும் கவலையில்லை. சிட்டையைப் பிரித்து, ஏறாததை ஏற்றலாம், அரைகுறையாக ஏறியதை அடிக்கலாம். எங்களிடம் கவுன்டர் வேலைகள், அதாவது திரையில் உடனுக்குடன் நடந்தவை, இப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. திருத்தம் கோப்பைத் தொடும் முன் லாக் என்ற சிட்டையில் பழைய மதிப்பு போய்ச் சேர்ந்துவிடும். அவசர மறுதொடக்கம் கொடுத்ததும் நிரல் லாக்கைப் பின்னிருந்து படித்து, முடியாமல் நின்றவற்றை எல்லாம் சில நிமிடங்களில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இரவில் மொத்தமாக ஓடிய சம்பள வேலைக்கோ சிட்டை இல்லை. முன்பணப் பிடித்தங்களை அது நேரடியாகப் பேரேட்டிலேயே திருத்திக்கொண்டிருந்தது. நான்கு கட்டங்களில் மூன்றாவதன் நடுவில் நின்றுபோயிற்று. கோப்பு மூடப்படாததால், அதன் கடைசி எல்லை எது என்று இயந்திரத்தில் உள்ள கோப்பு அட்டவணை சொல்வதும் கோப்பு சொல்வதும் பொருந்தவில்லை. வெரிஃபை என்ற கட்டளை அதைச் சரிசெய்யும். ஆனால் எத்தனை பேருக்குப் பிடித்தம் ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று அது சொல்லாது. வரிசை தானாகவே வேலையை முதலிலிருந்து ஓட்டியிருந்தால், பாதிப் பேருக்கு இரட்டைப் பிடித்தம் விழுந்திருக்கும். தலைவர் நிறுத்திவைத்தது அதனால்தான். மாலையில் வேலை தொடங்கும் முன் எடுத்த டேப் நகலைத் தேடி, முழுக் கோப்பையும் அதிலிருந்து திரும்ப இறக்கி, சம்பளத்தை முதலிலிருந்து ஓட்டி, மொத்தத் தொகையை முந்தைய தாளோடு ஒப்பிட்டோம். ஆறு மணி நேரமும் அதிலேயே போயிற்று.

இப்போது உங்கள் பில்லுக்கு வருகிறேன். உங்கள் கணினி சிறியது என்றாலும் நோய் அதுவேதான். பதிந்தாயிற்று என்று திரை காட்டும்போதும், எழுத்து டிஸ்க்கை எட்டாமல் நினைவகத்தில் வரிசையில் நின்றிருக்கலாம். காணாமல் போன பில்கள் அப்படிப் போனவையாக இருக்கும். இரட்டைப் பற்று வேறு வகை: பில் பட்டியலில் தெரியவில்லை என்று உங்கள் ஆள் மறுபடி அடித்திருப்பார், ஆனால் பேரேட்டுப் பகுதியில் பழையது ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஒரு சிறிய யூபிஎஸ் வாங்குங்கள். வேலையைத் தொடர்வதற்கு அல்ல, நிரலை முறையாக மூடிக் கணினியை அணைப்பதற்கு. அதற்குப் பத்து நிமிடம் போதும். பார் ஏற்றும் வாசலில் ஒரு காகிதச் சிட்டையில் பில் எண், படகு, எத்தனை பார் என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அடுத்தமுறை கரண்ட் வந்ததும், யாரும் எதையும் மறுபடி அடிக்கும் முன், கணினியில் இருக்கும் கடைசி பில் எண்ணையும் அந்தந்தப் படகின் பேரேட்டையும் சிட்டையோடு ஒப்பிட்டு, இல்லாதவற்றை மட்டும் ஏற்றட்டும். அந்தப் படகுக்காரருக்கு அதிகம் பிடித்ததை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
கீழக்கரையிலிருந்து