டி.எஸ்.ஹெச். கூடினால் தைராய்டு குறைந்திருக்கிறது

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 38 வயது. ஆறு மாதமாக ஒரே அசதி, முடி கொட்டுகிறது, நான்கு கிலோ ஏறிவிட்டேன். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 18, 'அதிகம்' என்றும், ஃப்ரீ டி4 0.6, 'குறைவு' என்றும் வந்தது. தைராய்டு அதிகமாக இருக்கிறவளுக்கு எதற்குத் தைராய்டு மாத்திரை? ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். பயந்துகொண்டு பத்து நாளாக மாத்திரையைத் தொடவே இல்லை.
- ஒரு வாசகி, தேனி

பதில்: நாளைக் காலையில் மாத்திரையை ஆரம்பித்துவிடுங்கள் அம்மா. உங்கள் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

டி.எஸ்.ஹெச். என்பது தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவுதான் டி.எஸ்.ஹெச். ரத்தத்தில் தைராய்டு சுரக்கிற தைராக்ஸின் (டி4 என்பது இதுதான்) போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி அடங்கியிருக்கும். குறைந்தால் உத்தரவைக் கூட்டும். அடுப்படியில் இருப்பவர் காதில் விழவில்லை என்றால் வாசலில் இருந்து கூப்பிடுகிறவரின் குரல் ஏறிக்கொண்டே போகும் அல்லவா? உங்கள் 18 அந்தக் குரல். தைராய்டின் நிலைமை அடுத்த வரியில் இருக்கிறது: ஃப்ரீ டி4 0.6, குறைவு.

பிட்யூட்டரியின் காது ரொம்பக் கூர்மை. தைராக்ஸின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.ஹெச். சுமார் நூறு மடங்குவரை ஏறக்கூடும். அதனால்தான் முதலில் அதையே பார்க்கிறோம். ஆனால் பிட்யூட்டரியே பழுதாகிவிட்டால் கூப்பிடுகிறவருக்கே தொண்டை கட்டிய கதைதான். பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போன பெண்கள் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, அவர்களுக்கு டி.எஸ்.ஹெச். ஏறாமலேயே தைராய்டு குறைந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஃப்ரீ டி4-யும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் படிக்கும் காலத்தில் எங்கள் பேராசிரியர் ஒரு அம்மாளை மர ஸ்டூலில் மண்டியிட வைத்து, பாதம் இரண்டும் வெளியே தொங்கும்படி பிடித்துக்கொள்ளச் சொன்னார். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் சுத்தியலால் ஒரு தட்டு. பாதம் சட்டென்று துள்ளியது. திரும்பி வரத்தான் மனசில்லை. மெதுவாக, கூச்சப்பட்டதுபோல இறங்கியது. தைராக்ஸின் இல்லாத தசை சுருங்கும், ஆனால் தளர நேரமாகும். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு வந்த அதே அம்மாளை மறுபடி தட்டிப் பார்த்தோம். போன வேகத்தில் பாதம் திரும்பியது. அன்றைக்குத்தான் எனக்கு ஹார்மோன் என்றால் என்ன என்று புரிந்தது. இன்றும் நான் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்னால் காலைத் தட்டிப் பார்க்கிறேன்.

ஆயுசுக்கும் என்பதைக் கேட்டுக் கலங்காதீர்கள். 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரி என்ற டாக்டர், இதே நோய் முற்றிய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். பிறகு வாய்வழியே கொடுத்தார்கள். அந்தப் பெண் 74 வயதுவரை இருந்தார். நம் கையில் இருப்பது உடம்பு செய்கிற அதே தைராக்ஸின், மைக்ரோகிராம் கணக்கில் அளந்தது.

நானும் 19 வருஷமாகச் சாப்பிடுகிறேன். ஒருமுறை என் டி.எஸ்.ஹெச். 9-க்கு ஏறியது. டோஸைக் கூட்டலாம் என்று நினைத்தபோதுதான், புதிதாக ஆரம்பித்த கால்சியம் மாத்திரையையும் அதே டம்ளர் தண்ணீரில் விழுங்கி வந்தது நினைவுக்கு வந்தது. கால்சியம் குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளினேன். இரண்டு மாதத்தில் 2.8. இரும்புச் சத்து மாத்திரையும் இப்படித்தான், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். காபி அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்.

அப்புறம், பத்தாம் நாளே போய் ரத்தம் கொடுக்காதீர்கள். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். எண் ஒரு நிலைக்கு வர ஆறு வாரம் வேண்டும். அசதியும் அப்படி மெல்ல மெல்லத்தான் விலகும். முடி இன்னும் தாமதிக்கும்.

கேள்வி: நான் இரண்டு வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது இரண்டு மாதக் கர்ப்பம். குழந்தைக்கு ஆகாது, நிறுத்து என்கிறார் என் மாமியார். என்ன செய்ய?
- ஒரு வாசகி, அறந்தாங்கி

பதில்: நிறுத்தவே கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தையின் தைராய்டு சுரக்க ஆரம்பித்திருக்காது. அதன் மூளை வளர வேண்டிய தைராக்ஸின் முழுக்க உங்கள் ரத்தத்தில் இருந்துதான் போக வேண்டும். உங்களுக்கே இப்போது வழக்கத்தைவிட கால் பங்கு முதல் அரைப் பங்குவரை கூடுதலாகத் தேவைப்படலாம். எவ்வளவு என்பதைப் பரிசோதனை பார்த்து உங்கள் டாக்டர் சொல்லுவார். அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். மாமியார் பேரப்பிள்ளை மேல் இருக்கிற அக்கறையில் சொல்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்கட்டும்.