பீன்ஸ் விதைக்கு முதலில் வேண்டியது மண் சூடு

பிப்ரவரி பிறந்துவிட்டால் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை பீன்ஸைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் சில.

பொங்கல் முடிந்த கையோடு ஊட்டியில் நாற்பது விதை போட்டேன். பதினைந்து நாளாகியும் ஆறுதான் முளைத்தது. விதை கெட்டதா?

விதையைக் குறை சொல்லுமுன் முளைக்காத இடத்தில் மண்ணைக் கிளறி ஒன்றை வெளியே எடுத்துப் பாருங்கள். தோல் கொழகொழவென்று கழன்று நாற்றம் அடித்தால், குளிர்ந்த ஈரத்தில் அழுகிவிட்டது என்று அர்த்தம். பருப்பைக் குடைந்து சின்ன வெள்ளைப் புழு இருந்தால் அது விதை ஈயின் வேலை. அந்த ஈக்குக் குளிர்ந்த ஈர மண்ணும் பாதி மக்கிய சாணமும்தான் பிடித்த இடம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மண் இன்னும் சூடாகவில்லை.

மண் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் பீன்ஸ் முளைக்காது. 15 டிகிரியில் மெதுவாக வரும். 20 முதல் 25 டிகிரி இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் தலை காட்டிவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியில் ஜனவரி வெயில் முதுகைச் சுடும்; ஆனால் விடிகாலையில் மண் சில்லிட்டுக் கிடக்கும். காலை ஏழு மணிக்கு ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டு அரை நிமிடம் வைத்திருங்கள். விரல் விறைத்தால் இன்னும் பொறுங்கள். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் மலைக்கு ஏற்ற பட்டம்.

ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு விதைக்கும் பழக்கமும் மலைக்கு வேண்டாம். காய்ந்த விதை குளிர்ந்த தண்ணீரை வேகமாக இழுத்தால் உள்ளே பருப்பு வெடித்துவிடும். ஈரத்துணியில் சுற்றி அடுப்படியில் வையுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். அவசரப்பட்டு ஒரு பாத்தியை முழுசாக இழந்த அனுபவம் எனக்கும் உண்டு. ஒரு மாதம் கழித்து அதே பாத்தியில் அதே விதையைப் போட்டபோது நன்றாகவே முளைத்தது.

செடி பீன்ஸ் நல்லதா, கொடி பீன்ஸா? குன்னூரில் வீட்டுக்குப் பின்னால் பத்தடி இடம்தான் இருக்கிறது.

கொடிதான். செடி பீன்ஸ் இரண்டு மாதத்தில் மொத்தமாகக் காய்த்து ஓய்ந்துவிடும். கொடி கொஞ்சம் தாமதித்தாலும் வாரக்கணக்கில் காய் கொடுக்கும். சீகை மரக் குச்சியைத் தோல் உரிக்காமல் நட்டால் கொடிக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். விதை போடும் முன்பே குச்சியை ஊன்றுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும். மேலிருந்து பார்த்தால் பீன்ஸ் கொடி கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றும். உதவி செய்வதாக நினைத்து மாற்றிச் சுற்றிவிட்டால் கொடி தன்னை அவிழ்த்துக்கொள்ளும்.

கோத்தகிரி. கொடி கூரை வரை போய்விட்டது, இலை கரும்பச்சை. பூவே இல்லை. கோழி எரு நிறைய போட்டேன்.

பதில் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் பீன்ஸ் இலையாகவே வளரும். இனி எரு வேண்டாம். கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தூவிவிட்டுக் காத்திருங்கள்.

ஓரத்தில் ஒரு செடியை வேரோடு மெதுவாகத் தோண்டி எடுங்கள். வேரில் கடுகு அளவு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடியே பிடித்துக்கொள்கிறது, உங்கள் எரு அதற்குத் தேவையில்லை. முடிச்சே இல்லையென்றால், எரு மிஞ்சிப்போனதாலும் இருக்கலாம், மண்ணின் அமிலத்தன்மையாலும் இருக்கலாம். தேயிலைக்குப் பிடித்த நம் மலை மண் பீன்ஸுக்கு ஒத்துவராது. அதற்குக் கார அமில நிலை (pH) 6-ஐ ஒட்டியாவது இருக்க வேண்டும். அடுத்த பட்டத்தில் விதைக்கும் சில வாரங்களுக்கு முன்பே புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புப் பொடி போட்டுக் கொத்திவிடுங்கள். வேர் முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்து விதைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் பலன் தரும்.

இலையில் பழுப்புப் புள்ளி, தொட்டால் கையில் பொடி ஒட்டுகிறது.

துரு நோய். பாதித்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீரை வேரில் மட்டும், காலையில் ஊற்றுங்கள். செடிகளுக்கு நடுவே காற்று புக வேண்டும். பனியோ மழையோ இலையில் நிற்கும்போது காய் பறிக்காதீர்கள், உங்கள் கையே நோயைப் பரப்பும்.

உறைபனியில் கொடி முழுக்கக் கருகிவிட்டது. பிழைக்குமா?

சாதாரண பீன்ஸ் பிழைக்காது. சிவப்புப் பூ பூக்கும் ரன்னர் பீன்ஸாக இருந்தால் பிடுங்கிவிடாதீர்கள். அதன் வேர் கிழங்காகத் தடித்திருக்கும். மேலே காய்ந்த புல்லை மூடி வைத்தால் வெயில் வந்ததும் மறுபடி துளிர்க்கும்.

சொந்தமாக விதை எடுக்கலாமா?

கட்டாயம் எடுங்கள். பீன்ஸ் பூ பெரும்பாலும் விரியும் முன்பே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும், அதனால் ரகம் அவ்வளவு எளிதில் கலக்காது. ரன்னர் பீன்ஸ் அப்படியில்லை, தேனீ கலந்துவிடும். நோயில்லாத நல்ல கொடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் முதலில் வரும் காய்களைப் பறிக்காமல் விடுங்கள். காய் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். தென்மேற்கு மழை முந்திக்கொண்டால் கொடியோடு அறுத்து அடுப்படியில் தொங்கவிடுங்கள். குழிந்த கரும்புள்ளி உள்ள காயின் விதையை மட்டும் எடுக்க வேண்டாம். அந்த நோய் விதையோடு அடுத்த பட்டத்துக்கும் வரும்.

மிஞ்சும் முற்றிய விதையைக் குழம்பு வைப்பவர்கள் ராத்திரி ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள். அரைவேக்காட்டுப் பீன்ஸ் விதை, அதிலும் சிவப்பு விதை, கடுமையான வாந்தியில் கொண்டுபோய் விடும்.