வேர்க் பெர்மிட் கிடைக்குமா? வாசகர் கேட்ட ஆறு கேள்விகள்

இங்கிலாந்து உதைபந்தாட்டக் கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் ட்ரான்ஸ்ஃபர் காலம் வந்துவிட்டால் ஹட்டன் முதல் பண்டாரவளை வரை சலூன் கடைகளில் இதே வழக்குத்தான். யார் எங்கே போகிறார், எத்தனை மில்லியன், கடைசியில் ‘அவனுக்கு வேர்க் பெர்மிட் கிடைக்குமா?’ இம்முறை வந்த கேள்விகளும் அதைச் சுற்றியே.

*கிளப் கேட்ட விலையைக் கொடுக்கத் தயார், வீரரும் கெட்டிக்காரர். அப்புறம் பெர்மிட்டில் என்ன சிக்கல்? (தலவாக்கலை)*

விலையை மறந்துவிடுங்கள். இப்போதைய புள்ளிக் கணக்கில் விலைக்கும் இடமில்லை, சம்பளத்துக்கும் இடமில்லை.

இங்கிலாந்தில் விசாவுக்கு முன்னால் அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பின், 2021 ஜனவரி 1 முதல், பிரான்ஸ்காரர், ஸ்பெயின்காரருக்கும் இதே விதிதான். வீரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 10க்குள் இருந்து, அந்நாட்டின் போட்டி ஆட்டங்களில் 30 வீதத்தில் ஆடியிருந்தால் நேரே ஒப்புதல். 31 முதல் 50 வரையான நாடு என்றால் 70 வீதம் வேண்டும். சிநேகபூர்வ ஆட்டங்கள் கணக்கில் வராது.

அப்படிக் கிடைக்காதவர் 15 புள்ளி சேர்க்க வேண்டும். கிளப்புக்காக எத்தனை நிமிடம் ஆடினார், எந்த லீக், அந்த லீக்கில் கிளப் எத்தனையாம் இடம், கண்டம் தழுவிய போட்டிகளில் எவ்வளவு தூரம் போனது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. லீக்குகளை ஆறு தட்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் முதல் தட்டு. பெல்ஜியம், நெதர்லாந்து, போர்த்துக்கல் இரண்டாவது.

தேயிலைத் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும். 15 வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். 10 முதல் 14 வரை அரைப் பேர் மாதிரி. கிளப் ஒரு விசேட குழுவின் முன்னால் போய்க் காரணம் சொல்லிக் கேட்கலாம். அதற்கும் கீழே என்றால், எவ்வளவு நல்ல கொழுந்தாக இருந்தாலும் தராசு ஏற்காது. தராசு பார்ப்பது நிறையைத்தான், ருசியை அல்ல.

2023இல் ஓர் இடைவழியும் வந்தது. புள்ளி போதாத சிலரையும் எடுக்கலாம்: முதல் இரண்டு லீக்குகளான பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் கிளப்புகளுக்குக் கூடினால் 4 பேர், அடுத்த இரண்டு லீக்குகளுக்கு 2 பேர். ஆனால் அந்த இடங்கள் சும்மா கிடைப்பதில்லை. இங்கிலாந்து வீரர்களுக்குக் கிளப் எவ்வளவு ஆட்ட நேரம் கொடுக்கிறதோ அதைப் பொறுத்தே எண்ணிக்கை.

*வாங்கிய வீரரை உடனே பெல்ஜியத்துக்குக் கடன் கொடுக்கிறார்களே, பிடிக்காமலா? (கொட்டகலை)*

பிடித்ததால்தான். ஜப்பானின் மிதோமாவைப் பாருங்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் அவரை 2021இல் ஜப்பானின் கவாசாகி ஃபுரொன்டாலேயிடமிருந்து வாங்கியது. பெர்மிட்டுக்கான தகுதி அப்போது அவரிடம் இல்லை. ஜப்பானின் மூத்த அணிக்கே அவர் அந்த ஆண்டு நவம்பரில்தான் முதன்முதலில் ஆடினார். பெல்ஜியத்தின் யூனியன் சான் ஜில்வாஸில் ஒரு பருவம் ஆடிவிட்டு 2022இல் வந்தார். மிச்சத்தை சனிக்கிழமை இரவு எட்டரைக்கு டீவியில் பார்த்திருப்பீர்கள். பெல்ஜியத்தில் புள்ளிக் கணக்கு இல்லை. வெளிநாட்டு வீரருக்குக் குறிப்பிட்ட அளவு சம்பளம் கொடுத்தால் போதும். அதனால்தான் பல கிளப்புகளுக்கு அது நாற்றுமேடை மாதிரி.

*16 வயது பிரேசில் பையனை இங்கிலாந்துக் கிளப் இப்போதே கூட்டிவர முடியுமா? (மஸ்கெலியா)*

முடியாது. 18 நிரம்ப வேண்டும். ஸ்பெயினின் ஃபாப்ரகாஸ் 2003இல் 16 வயதில் ஆர்சனலுக்கு வந்தது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்த சலுகையில், அது போய்விட்டது. பிரேசில் பையன் எஸ்தெவாவோவை செல்சி 2024இலேயே பேசி முடித்தும் 2025 வரை காத்திருந்தது.

*பாட்டன் வழியில் ஐரோப்பிய பாஸ்போர்ட் எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே? (ஹப்புத்தளை)*

பழைய கதை. ஆர்ஜென்டினாக்காரர் பலர் இத்தாலியப் பாட்டனைத் தேடிப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்துக்கு இப்போது உதவுவது பிரித்தானிய அல்லது அயர்லாந்து பாஸ்போர்ட்தான். ஸ்பெயினில் இன்னும் உதவும். அங்கே ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவருக்கு அணியில் 3 இடம்தான். லத்தீன் அமெரிக்கர் இரண்டு வருடம் அங்கே வசித்தால் குடியுரிமை கேட்கலாம். ரியல் மாட்ரிட்டின் பிரேசில் வீரர் வினிசியஸ் 2022இல் அப்படித்தான் பெற்றார்.

*என் பூட்டன் ஸ்கொட்லாந்து துரை. எனக்கு வழி உண்டா? (நுவரெலியா, பெயர் வேண்டாம் என்கிறார்)*

சிரிக்காமல் பதில் சொல்கிறேன். பொதுநலவாய நாட்டவருக்கு வம்சாவளி விசா உண்டு. ஆனால் பாட்டனோ பாட்டியோ பிரித்தானியாவில் பிறந்திருக்க வேண்டும். பூட்டன் போதாது. கல்யாணம் நடந்ததா என்று கேட்கமாட்டார்கள், பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்று கடதாசி காட்டச் சொல்வது நமக்குப் புதிதா என்ன? இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் மலையக ஆட்களிடம் கேட்டதும் அதைத்தானே.

*அண்ணன் மகன் இங்கிலாந்தில் மாணவர் விசாவில் படிக்கிறான். வார இறுதியில் ஒரு சின்னக் கிளப் ஆடக் கூப்பிடுகிறது. போகலாமா? (பதுளை)*

நட்சத்திர வீரர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். மாட்டுவது உங்கள் பையன் மாதிரியானவர்கள், அதனால் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராக வேலை செய்யக் கூடாது. ‘காசு வாங்காமல் ஆடினால்?’ என்பீர்கள். அரைத் தொழில்முறைக் கிளப்பில் சும்மா ஆடினாலும் அந்த வரையறைக்குள் வரும். சின்னக் கிளப் என்றுதான் சொல்கிறான். இங்கிலாந்தில் ஆறாம், ஏழாம் படியில் இருக்கும் கிளப்பும் வாரச் சம்பளம் கொடுக்கிற கிளப்பாக இருக்கலாம். கடந்த 2 வருடத்துக்குள் நாட்டு அணிக்கு, 17 வயதுப் பிரிவிலோ அதற்கு மேலோ, ஆடியவரையும் அந்த வரையறை பிடிக்கும். பல்கலைக்கழக அணி, பூங்காவில் ஞாயிறு ஆட்டம், நண்பர்களோடு பொழுதுபோக்கு, இவை பிரச்சினை இல்லை. கிளப் ஒரு பாரத்தில் கையெழுத்துக் கேட்டால், போடுமுன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் காட்டச் சொல்லுங்கள். ஒரு கோல் அடிக்கப் போய் பட்டத்தை இழக்க வேண்டாம்.

இதே கடிதத்தில், நம் தோட்டத்துப் பையன் இங்கிருந்தே அங்கே போக வழி உண்டா என்றும் கேட்டிருந்தார். நேர்வழி இல்லை. இலங்கை தரவரிசையில் 200ஐ ஒட்டி இருப்பதால் நாட்டு அணி வழியாக நேரே ஒப்புதல் கிடைக்காது. நம் லீக் கடைசித் தட்டு. பார்ன்ஸ்லிக்கு ஆடும் நம் தமிழ்ப் பையன் விமல் யோகநாதன் வேல்ஸில் பிறந்து வளர்ந்தவர், அவர் கதை வேறு. இங்கிருந்து மாலைதீவு லீக்குகளுக்குப் போய் ஆடியவர்கள் இருக்கிறார்கள், அது எட்டக்கூடிய தூரம்.

‘லண்டன் கிளப்பில் ட்ரயல், விசா எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்று தோட்டங்களில் யாராவது காசு கேட்டு வந்தால் ஒன்று கேளுங்கள்: எந்தக் கிளப்? விசாவுக்கான அனுசரணைச் சான்றை அனுமதி பெற்ற கிளப்தான் கொடுக்க முடியும், ஏஜென்டால் முடியாது. அனுமதி பெற்றவர்களின் பட்டியலைப் பிரித்தானிய அரசே இணையத்தில் போடுகிறது. அதில் அந்தக் கிளப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.